எஸ்.பி.சி.யில் பதினோரு ஆண்டுகள்

கேரளக் காவல் துறையில் கான்ஸ்டபிளுக்கு இப்போது சிவில் போலீஸ் ஆபீசர் என்று பெயர், சுருக்கினால் சி.பி.ஓ. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காவல் துறை பயிற்சி கொடுக்கும் ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் (எஸ்.பி.சி.) திட்டத்துக்குப் பொறுப்பேற்கும் பள்ளி ஆசிரியருக்குக் கம்யூனிட்டி போலீஸ் ஆபீசர் என்று பெயர்; அதைச் சுருக்கினாலும் சி.பி.ஓ.தான். 2012ஆம் ஆண்டு ஒரு புதன்கிழமை மாலை எங்கள் பள்ளி மைதானத்தில் வந்திறங்கிய ஆய்வாளர், "சி.பி.ஓ. எவிடெ?" என்று கேட்டபோது, அவரோடு வந்திருந்த காவலரும் கணக்கு வாத்தியாராகிய நானும் ஒரே நேரத்தில் ஓரடி முன்னால் வந்து நின்றோம். வரிசையில் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காவல் துறை வண்டியைப் பார்த்து அவர்கள் சிரித்தது அநேகமாக அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

எங்கள் பள்ளி பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. சாலையைக் கடந்து சிறிது தூரம் போனால் தமிழ்நாடு. ஆசிரியர் அறையில் மலையாளம், மைதானத்தில் தமிழ், பெயர்ப்பலகையில் இரண்டும் என்பது எங்கள் ஊர்ப் பள்ளிகளின் வழக்கம். சாப்பிட மறுக்கும் குழந்தையை, "போலீஸ்காரங்க கிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன்" என்று மிரட்டித்தான் இங்கும் சோறு ஊட்டுகிறார்கள். அந்த முதல் நாளில் வண்டியின் சத்தம் கேட்டதும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நான் போய் அழைத்தபோது, "எங்கப்பாவ ராத்திரில வந்து இதே மாதிரி வண்டீலதானுங்க சார் கூட்டீட்டுப் போனாங்க" என்றான். அவனைத் தேர்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. அது சரியான முடிவா என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இத்திட்டம் எங்களிடம் வந்து சேர்வதற்கு முன்பே அதற்கு இரண்டு வயது ஆகியிருந்தது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், வி.எஸ். அச்சுதானந்தன் முதலமைச்சராகவும் கொடியேரி பாலகிருஷ்ணன் உள்துறை அமைச்சராகவும் இருந்த காலத்தில், மாநிலம் முழுவதும் 127 பள்ளிகளில் 11,176 மாணவர்களோடு இது தொடங்கியது. இந்த எண்களை முதன்முதலாகக் கேட்டபோது கணக்கு வாத்தியாருக்கே உரிய பழக்கத்தில் ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்த்தேன். மீதியே இல்லாமல் 88 வந்தது. ஒரு பள்ளிக்கு எட்டாம் வகுப்பில் 44 பேர், ஒன்பதாம் வகுப்பில் 44 பேர். ஒவ்வொரு 44இலும் பையன்கள் 22, பெண் பிள்ளைகள் 22. அரசுத் திட்டங்களில் எண்கள் இவ்வளவு சுத்தமாக வகுபடுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆணுக்குச் சரிபாதி பெண் என்பது ஏட்டில் மட்டும் நின்றுவிடாமல் மைதானத்திலும் வந்து நின்றதற்கு, அந்த 22 என்ற எண்ணை யாரும் வளைக்க முடியாதபடி முதல் நாளே எழுதிவைத்ததுதான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

திட்டத்தின் மூளையாக இருந்தவர் பி. விஜயன் என்ற ஐ.பி.எஸ். அதிகாரி. பத்தாம் வகுப்போடு படிப்புத் தடைப்பட்டு, கூலி வேலைக்குப் போய், பிறகு தனியாகப் படித்துக் காவல் பணிக்கு வந்தவர் அவர். பள்ளிப் பருவத்தில் கைவிட்டுப் போகும் பையன் எங்கே போய்ச் சேருவான் என்பதை வெளியிலிருந்து பார்த்தவர் அல்லர் என்பதால்தானோ என்னவோ, உடற்பயிற்சியும் அணிவகுப்பும் சட்ட அறிவும் ஊர்ப்பணியும் ஒன்றாகக் கலந்த ஒரு பாடத்திட்டத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடிந்தது. 2008இல் தொடங்கிய ஜனமைத்ரி என்ற திட்டத்தின் வழியாகக் கேரளக் காவலர்கள் ஏற்கெனவே வீடு வீடாகச் சென்று மக்களோடு பழகத் தொடங்கியிருந்தார்கள், எஸ்.பி.சி. அந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தது என்று சொல்லலாம். உள்துறையும் கல்வித் துறையும் சேர்ந்து நடத்த, போக்குவரத்து, வனம், கலால், உள்ளாட்சித் துறைகள் துணை நின்றன. இத்தனை துறைகள் ஒரு பள்ளி வாசலுக்கு வந்தால் எத்தனை கடிதங்கள் வரும் என்பதைப் பள்ளி அலுவலக எழுத்தரைக் கேட்டால் தெரியும்.

பொறுப்பாசிரியர்களுக்குத் திருச்சூர் இராமவர்மபுரத்தில் உள்ள காவல் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி கொடுத்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, இடது கால் எது வலது கால் எது என்று ஓர் இளம் காவலரிடம் திட்டு வாங்குவது ஆசிரியத் தொழிலுக்கு மிகவும் நல்லது. வகுப்பில் பின்வரிசைப் பையனுக்கு ஒரு கணக்கு ஏன் மூன்றாவது முறையும் தவறுகிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

எங்கள் பள்ளிக்குப் பயிற்சியாளராக வந்த காவலரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதன்கிழமை மாலையும் சனிக்கிழமை காலையும் பயிற்சி. முட்டிக்குளங்கரை ஆயுதப்படை முகாமில் சில காலம் இருந்துவிட்டு நிலையப் பணிக்கு வந்தவர்; குரல் அந்த முகாம் மைதானத்துக்கு ஏற்றபடி அமைந்தது, எங்கள் பள்ளிக்கு அது இரண்டு மடங்கு அதிகம். முதல் மாதத்தில் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோப்பில் தேங்காய் பறிப்பவர்கள் மரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை, வெயில் ஏறாத எட்டு மணிக்கே, வரிசையில் நின்ற பெண் பிள்ளை ஒருத்தி மயங்கி விழுந்தாள். அடுத்த வாரம் ஒரு பையன் விழுந்தான். உடம்பு பலமில்லாதவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று அவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். நான் அவரை அழைத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடமே கேட்கச் சொன்னேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அவர் மலையாளத்தில் கேட்டார். அவள் தமிழில், "ஒண்ணும் இல்லீங்க சார், அம்மா அஞ்சு மணிக்கே வேலைக்குப் போயிருவாங்க" என்றாள். அந்தப் பதிலை நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

அதன் பிறகு அவர் சட்டைப் பையில் ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொண்டார். எண்பத்தெட்டுப் பெயர்களையும் மலையாள எழுத்தில் எழுதியிருந்தார். பழனியம்மாளும் சின்னசாமியும் அந்த எழுத்தில் சற்று விநோதமாகத் தெரிந்தார்கள். பயிற்சி தொடங்குமுன் வரிசையின் ஊடே நடந்து, ஒவ்வொருவரிடமும் தாழ்ந்த குரலில் சாப்பிட்டாயா என்று கேட்டு, சாப்பிடாதவர் பெயருக்கு நேராக ஒரு புள்ளி வைப்பார். புள்ளி பெற்றவர்கள் முதல் சுற்று ஓட்டத்தில் சேராமல், சத்துணவுக் கூடத்தின் பின்பக்கம் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். சிற்றுண்டிக்கென்று ஒதுக்கப்பட்ட தொகை கையில் வந்து சேரப் பல மாதங்கள் ஆகும் என்பதால், பள்ளி எதிரில் இருந்த கடைக்காரரிடம் கணக்கு வைத்தோம். ஒரு வருடம் அந்தக் கணக்கு ஏழாயிரத்தைத் தாண்டியபோது கடைக்காரர் என்னைப் பார்த்தால் சிரிப்பதை நிறுத்திவிட்டார். காவலரும் நானும் துணைப் பொறுப்பாசிரியையும் ஆளுக்கொரு பங்கு போட்டுக் கணக்கை முடித்தோம். பிறகு வந்த தொகையை மூன்றாகப் பிரித்துக்கொள்வதில் ஐம்பது ரூபாய் எப்படியோ இடித்தது. அதை இன்றுவரை நாங்கள் தீர்க்கவில்லை.

அந்த நோட்டைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆனால் கத்துகிற காவலர் கேட்கிற காவலராக மாறியது அதன் வழியாகத்தான். பிள்ளைகளைத் திருத்துவதற்காக வகுக்கப்பட்ட திட்டம் இது. பதினோரு ஆண்டுகளில் என் கண்ணெதிரே அதிகம் மாறியவர்கள் அந்த மைதானத்துக்கு வந்துபோன காவலர்களே. வாரம் இரண்டு நாள் ஒரே முகங்களைப் பார்க்கிற காவலருக்கு, அந்த முகங்களின் அப்பன்மாரை நிலையத்தில் பார்க்கும்போது கை ஓங்குவது கொஞ்சம் கடினமாகிவிடுகிறது. கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் நின்ற அந்தப் பையனுக்கு மூன்றாவது மாதத்தில் ஷூ அளவு பெரிதாக இருந்ததென்று துணி சுருட்டி முன்பக்கம் அடைத்துக்கொடுத்தவர், அவன் அப்பாவை அழைத்துப்போன அதே நிலையத்தைச் சேர்ந்தவர்.

பாடங்கள் எல்லாம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வரும். தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக நானும் தமிழாசிரியரும் அமர்ந்து சட்டப் பகுதிகளை எளிய தமிழில் எழுதிக்கொடுத்தோம். இதில் ஒரு நன்மை உண்டு: வாயில் நுழையாத சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. முதல் தகவல் அறிக்கை என்றால் என்ன, அதை யார் கேட்டாலும் எழுதிக்கொள்ள வேண்டுமா, கைது செய்தால் வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா என்பதையெல்லாம் எழுதும்போது எனக்கே பல விஷயங்கள் புதிதாக இருந்தன. எழுதியதைச் சரிபார்க்கக் காவலரிடம் கொடுத்தால், சில இடங்களில் தலையைச் சொறிந்துகொண்டே, "இது சரிதான், ஆனா இப்படியே சொல்லணுமா சாரே?" என்பார். இப்படியே சொன்னோம்.

துணை நின்ற துறைகளில் எங்கள் ஊரில் பெரிய சிக்கலை உண்டாக்கியது கலால் துறையின் வகுப்பு. போதைப்பொருளைப் பற்றி நல்ல ஒரு வகுப்பு. வந்த அதிகாரியும் பிள்ளைகளிடம் பேசத் தெரிந்தவர். சாராயத்தைக் கேரள அரசு 1996ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தடை செய்ததையும், எல்லை வழியாக வரும் கலப்படச் சரக்கின் ஆபத்தையும் சொல்லிக்கொண்டு வந்தவர், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மது என்றால் கேடு என்று முடித்தார். நடுவரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "எங்கப்பா கள்ளு எறக்கறவருங்க சார். அவரு தப்புப் பண்றாருங்களா?" என்று கேட்டான். சித்தூர் தாலுகா என்றால் தென்னங்கள். இங்கிருந்து மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் வண்டி வண்டியாகப் போகிறது. அந்த அறையில் இருந்த பிள்ளைகளில் கால்வாசிப் பேரின் வீட்டு அடுப்பு அந்த மரத்தை நம்பி எரிவது.

அதிகாரி ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கேரளத்தில் உரிமம் பெற்றுக் கள் இறக்குவது சட்டப்படியான தொழில் என்றும், 1969ஆம் ஆண்டிலேயே கள் தொழிலாளர்களுக்கென்று நல நிதிச் சட்டம் வந்துவிட்டது என்றும், உன் அப்பா அதில் பணம் கட்டுகிறவராக இருப்பார், அட்டையை வாங்கிப் பார் என்றும் சொன்னார். பையன் விடவில்லை. "அப்ப எங்க மாமன் பொள்ளாச்சிப் பக்கம் எறக்குனா மட்டும் ஏனுங்க புடிக்கறாங்க?" தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஒரே காற்றில் ஆடும் இரண்டு தென்னைகளில், ஓடைக்கு இந்தப் பக்கம் இருப்பதில் ஏறினால் தொழிலாளி, அந்தப் பக்கம் இருப்பதில் ஏறினால் குற்றவாளி. சட்டம் என்பது மனிதர் இயற்றுவது, இடத்துக்கு இடம் மாறுவது, மாற்றக்கூடியது என்று நான் எத்தனை வகுப்பெடுத்தாலும் இவ்வளவு தெளிவாகப் பதிந்திருக்காது. குடிப்பது வேறு, இறக்குவது வேறு, குடித்துவிட்டு வீட்டில் அடிப்பது வேறு என்று அன்று பேச்சு நீண்டு, பள்ளி மணி அடித்தும் யாரும் எழவில்லை.

எல்லாம் இப்படி நன்றாக நடந்தது என்று எழுதினால் அது பொய். சாலைப் பாதுகாப்பு வாரத்தில் பிள்ளைகள் தலைக்கவசம் இல்லாமல் வருகிறவர்களை நிறுத்தி, மிட்டாயும் துண்டறிக்கையும் கொடுத்தார்கள். பார்ப்பதற்கு அழகான காட்சி. பத்திரிகையில் படமும் வந்தது. ஆனால் மூன்றாம் நாள் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தை என்னைத் தேடி வந்தார். கோபம் எதுவும் இல்லை, தயக்கத்தோடு, "எம் புள்ள வீட்லயும் அந்த எஸ்.பி.சி. நோட்ட வெச்சுட்டுத்தானுங்க சார் உக்காந்திருக்குது. நான் என்ன பண்றேன்னு எழுதுது. என்னையப் புடிச்சுக் குடுத்துருவாளோன்னு அவங்கம்மா பயந்துக்கறா" என்றார். காக்கிச் சட்டையை ஒரு குழந்தைக்குப் போட்டுவிடும்போது, அந்தச் சட்டையோடு சேர்ந்து வரும் அதிகாரத்தையும் போட்டுவிடுகிறோம் என்பதை நான் அதுவரை யோசிக்கவில்லை. அன்றே அவளை அழைத்து, வீட்டில் நடப்பதை எழுதச் சொன்னது யார் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, 'கண்காணிக்க வேண்டும்' என்று பாடத்தில் இருந்ததாகச் சொன்னாள். எங்கள் தமிழாக்கத்தில் அந்தச் சொல்லை நான்தான் போட்டிருந்தேன். அதை 'கவனித்துக்கொள்ள வேண்டும்' என்று மாற்றினோம். அடி வாங்கும் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும், தலைக்கவசம் போடாத அப்பாவைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் பிரித்துச் சொல்ல அடுத்த வருடத்திலிருந்து தனியாக ஒரு வகுப்பு வைத்தேன்.

கேடட்களுக்குப் பொதுத் தேர்வில் கருணை மதிப்பெண் கிடைக்கும் என்று வந்த பிறகு, எஸ்.பி.சி. நுழைவுத் தேர்வுக்கு வருகிறவர்கள் மாறினார்கள். முதல் சில ஆண்டுகளில் ஓடப் பிடித்த பிள்ளைகளும், காக்கிச் சட்டையை விரும்பிய பிள்ளைகளும் வந்தார்கள். பிறகு, பெற்றோர் கையைப் பிடித்து அழைத்துவந்த, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். எழுத்துத் தேர்வில் அவர்கள்தான் முந்துவார்கள். யாருக்காக இந்தத் திட்டம் வகுக்கப்பட்டதோ, அந்தப் பின்வரிசைப் பையன் மதிலுக்கு வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தான். உடல் தகுதித் தேர்வு அவனுக்குக் கொஞ்சம் கை கொடுத்தது, அவ்வளவே.

2022ஆம் ஆண்டு ஜனவரியில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்ற கோரிக்கையை ஒட்டி, எஸ்.பி.சி. சீருடையோடு ஹிஜாபும் முழுக்கைச் சட்டையும் அணிய அனுமதிக்க முடியாது என்று அரசு முடிவு செய்தது. சீருடையில் மத அடையாளம் கூடாது என்பது காரணம். எங்கள் பகுதியில் தமிழ் பேசும் இராவுத்தர் குடும்பங்கள் நிறைய. அடுத்த ஜூனில், ஓட்டத்தில் முதலாவதாக வந்த ஒரு பெண் தேர்வான பிறகு படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "வீட்ல வேண்டாங்கறாங்க சார்" என்றாள். அரசு சொன்ன காரணத்தை என்னால் அவளுக்கு விளக்க முடிந்தது. ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள் ஏன் வெளியே நிற்கிறாள் என்பதை விளக்க முடியவில்லை. 22 என்ற எண்ணை நிரப்ப அடுத்த பெயரை எழுதினேன்.

2018ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் குருகிராமில், அப்போதைய மத்திய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் இத்திட்டத்தை நாடு முழுவதற்குமாகத் தொடங்கிவைத்தார். எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் விவரங்களைப் படித்தபோது எனக்குச் சற்று உறுத்தியது. எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். பாடநூல் இல்லை, தேர்வு இல்லை. மாணவர்களுக்குச் சுமை கூடாது என்பதற்காக மாதத்துக்கு ஒரே ஒரு வகுப்பு. பள்ளி ஒன்றுக்கு 50,000 ரூபாய். சுமை கூடாது என்ற எண்ணத்தில் தவறில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பணிபுரியும் என் மைத்துனர், தங்கள் பள்ளியில் மாதந்தோறும் ஓர் அதிகாரி வந்து நன்றாகப் பேசிவிட்டுப் போவதாகவும், ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு அதிகாரி வருவதாகவும் சொன்னார். பேச்சு நன்றாகவே இருந்திருக்கும். எங்கள் காவலரின் நோட்டில் ஒரு மாதத்தில் எட்டுத் தடவை புள்ளி விழும். மாதம் ஒரு தடவை வருகிறவருக்கு யார் சாப்பிடவில்லை என்று எப்படித் தெரியும்? இதை மைத்துனரிடம் சொன்னபோது, "உங்க ஊர்ல ஆள் இருக்காங்க மாப்ள, எங்க ஸ்டேஷன்ல இருக்கற ஆளுக்குப் பந்தோபஸ்துக்கே பத்தல" என்றார். அதுவும் உண்மைதான். எங்கள் பக்கமும் திருவிழாக் காலத்தில் பல புதன்கிழமைகள் பயிற்சியாளர் இல்லாமல் நானே விசில் ஊதியிருக்கிறேன்.

நான் பொறுப்பை ஒப்படைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ஒரு காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் எங்கள் பள்ளிக்கு வந்து பழகாதவர். எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சைக்கிள் திருட்டுப்போனதற்குத் தன் தாயோடு புகார் கொடுக்க வந்திருக்கிறாள். எழுதி வாங்கிய பிறகும் போகாமல், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். பிறகு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னால் கேட்கவில்லை. நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கள் என்றார். குரலில் எரிச்சல் இருந்தது. அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவில், புகார் கொடுத்தவருக்கு நகலை உடனே, காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்று இருப்பதைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. "சார் போலீஸா, வாத்தியாரா?" என்று கேட்டார். சி.பி.ஓ. என்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அவளே அழைத்தாள். நகல் கிடைத்துவிட்டதாம். சபாஷ் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "நாளைக்குப் பயிற்சிக்கு வர முடியாதுங்க சார், சைக்கிள் இல்லீங்களே. முடிஞ்சு வரும்போது கடைசி பஸ்ஸும் போயிரும்" என்றாள். மறுநாள் பயிற்சியைப் பதினைந்து நிமிடம் முன்னதாக முடித்தோம்.